ஒரே வானம், பல குரல், ஒரு கண்ணாடி இழை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, உன் வேலையைப் பத்தி அரைமணி நேரம் பேசு. சிவில்காரனுக்கும் புரியணும், வந்திருக்கிற வீட்டம்மாக்களுக்கும் புரியணும்" என்றார். பிறகு அழைப்பிதழைப் பார்த்தால், 'ஒளியிழையால் இணைந்த கம்பியில்லா வலையமைப்புகளில் பல்லணுகல் முறைகள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்களே, மதியச் சாப்பாட்டுக்கு நம் சங்கம் வைத்திருக்கும் மரியாதை அப்படி!

தலைப்பை உரித்துப் பார்த்தால் விஷயம் எளிதுதான். நம் கையில் இருக்கும் போனில் இருந்து டவர் வரைக்கும் காற்று. டவரில் இருந்து அப்புறம் போவது பெரும்பாலும் கண்ணாடி இழை. காற்று ஒன்றுதான், பேசுகிறவர்கள் பலர். ஒருவர் குரல்மேல் இன்னொருவர் குரல் விழாமல் எப்படிப் பங்கு போடுவது? இதுதான் பல்லணுகல். நாங்கள் படித்த காலத்தில் கம்பியில்லாத் தொடர்பு ஒரு தாள், ஒளியிழைத் தொடர்பு இன்னொரு தாள். இரண்டு வாத்தியார், இரண்டு நோட்டு, இரண்டு பரீட்சை. ஒன்றில் படித்ததை மற்றொன்றில் எழுதினால் மார்க் கிடையாது. வேலைக்குப் போனபிறகுதான் தெரிந்தது, இரண்டும் சேர்ந்து ஒரே கணக்கு என்று. அந்தக் கணக்கில் எங்கள் ஊர் எப்படி மாட்டிக்கொள்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் உவரிக்காரன். சுயம்புலிங்க சாமி கோயிலுக்கோ அந்தோணியார் கோயிலுக்கோ நீங்கள் வந்திருப்பீர்கள். கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா கோயில் முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அங்கே காலையில் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில் ஒருநாள் வந்து பாருங்கள், பல்லணுகலின் மூன்று முறைகளையும் ஏலத்திலேயே பார்த்துவிடலாம்.

கடற்கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நெத்திலிக்கு இந்தப் பக்கம், சாளைக்கு அந்தப் பக்கம் என்று ஆளுக்கொரு இடம் கொடுத்தால் அது அலைவரிசைப் பங்கீடு. எஃப்.டி.எம்.ஏ. என்பார்கள். பழைய வானொலி நிலையங்கள் இப்படித்தான். ஒரே இடத்தில் ஒரே ஏலக்காரர் நின்று, இந்த வள்ளத்து மீன் முடிந்ததும் அடுத்த வள்ளத்து மீன் என்று முறை வைத்தால் அது நேரப் பங்கீடு, டி.டி.எம்.ஏ. இடமும் இல்லை, முறையும் இல்லை, அஞ்சாறு ஏலம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்கிறது; ஆனாலும் வியாபாரிக்குத் தன் ஏலக்காரர் குரல் மட்டும் காதில் தனியாக விழுகிறது என்றால் அது குறிமுறைப் பங்கீடு, சி.டி.எம்.ஏ. இந்த மூன்றாவதில் ஒரு தொல்லை உண்டு. பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினால் தூரத்தில் இருப்பவர் குரல் காணாமல் போய்விடும். அதனால் டவர் ஒவ்வொரு போனையும் பார்த்து, "குரலைக் குறை, கொஞ்சம் கூட்டு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நம் நாட்டுக்கு முதலில் வந்த சி.டி.எம்.ஏ. முறையில் இந்தக் கட்டளை வினாடிக்கு 800 முறை போனது. நம் வீட்டில் ஒருநாளைக்கு நாலு முறை சொன்னாலே கேட்பதில்லை!

நான்காவதாக ஒன்று இருக்கிறது. யாரும் பங்கு போட்டுக் கொடுக்காமல், அவனவன் பேசிப் பார்த்து, மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசுவது. 1971-இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ரம்சனும் அவர் குழுவினரும் 'அலோஹா' என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார்கள். தீவுக்குத் தீவு கம்பி இழுக்க முடியாது, ரேடியோவில் கம்ப்யூட்டர்களை இணைக்க வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. இந்த முறையில் நேரத்தில் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். எல்லாரும் ஒரு தாளத்துக்கு ஒத்துப் பேசத் தொடங்கினால் அது 37 சதவீதத்துக்குப் போகும். எங்கள் ஊர் வள்ளங்களில் இருக்கும் வி.எச்.எஃப். செட்டைக் கேட்டால் ஆப்ரம்சன் கணக்கு அப்படியே காதில் விழும். மீன் அதிகம் பட்ட நாளில் ஒருவர் பேச்சும் முழுசாகக் கேட்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அலோஹா மியூசியத்துக்குப் போய்விடவில்லை. உங்கள் போனில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் முதலில் போவது அலோஹா முறையில்தான். "நான் ஒருத்தன் இருக்கேன், எனக்கு ஒரு இடம் குடு" என்று கேட்பதற்கே ஒரு இடம் வேண்டுமே! அதை யார் ஒதுக்கித் தருவது? ஆகவே அந்த முதல் கூப்பாடு மட்டும் குத்துமதிப்பாகப் போகிறது. மோதினால் மறுபடி.

சரி, இனி கடலுக்குப் போவோம்.

எங்கள் சித்தப்பா கடலுக்குப் போகிறவர். நான் இந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டார்: "ஏலே, படிச்சவன் நீ சொல்லு. செட்டுல டவர் காட்டுது. ஆனா கால் போவ மாட்டுக்கு. அது என்னலே கணக்கு?"

நியாயமான கேள்வி. டவர் காட்டினால் கால் போகணும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதற்கு விடை நேரப் பங்கீட்டில் இருக்கிறது. நம் கல்லூரியை வைத்தே சொல்கிறேன். முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு. வண்ணார்பேட்டையில் இருந்து வருகிறவன் எட்டரைக்குக் கிளம்பினால் போதும். உவரியில் இருந்து தினமும் வந்து போன நான் விடியுமுன் பஸ் ஏறி, திசையன்விளையில் மாறி, நாங்குநேரி வழியாக வந்து சேர வேண்டும். கிளம்பும் நேரம் வேறு வேறு. வகுப்புக்குள் நுழையும் நேரம் ஒன்று. ஜி.எஸ்.எம். என்ற 2ஜி முறையும் இதேதான். ஒரு அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்கிறார்கள். ஒருவருக்கு 577 மைக்ரோ வினாடி. ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோ வினாடி ஆகும். 30 கி.மீ. தள்ளி இருக்கும் வள்ளத்துக்கு டவரின் தாளம் போய்ச் சேரவே 100 மைக்ரோ வினாடி, அதைக் கேட்டுப் பதில் சொன்னால் திரும்பி வர இன்னொரு 100. ஆக 200 மைக்ரோ வினாடி தாமதம். அடுத்தவன் முறையில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகையால் டவர் தூரத்தைக் கணித்து, "நீ இத்தனை படி முன்னாடியே கிளம்பு" என்று ஒரு எண்ணைச் சொல்லும். பூஜ்யத்தில் இருந்து 63 வரை. ஒரு படி என்பது சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 35 கி.மீ. வரும்.

64-ஆவது படி கிடையாது. அதாவது, அதற்கு முந்தின பஸ் கிடையாது. 35-ஐத் தாண்டியவன் டவர் சொல்வதைக் கேட்கலாம், செட்டில் புள்ளியும் காட்டும், ஆனால் அவன் குரல் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். டவர் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. சித்தப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

இங்கே யாராவது குறுக்கே கேட்கலாம், பூமி உருண்டை அல்லவா, 35 கி.மீ. வரைக்கும் அலை போகுமா என்று. 40 மீட்டர் டவர், கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே போன் என்று வைத்துக்கொண்டால் ரேடியோத் தொடுவானம் சுமார் 32 கி.மீ. வருகிறது. ஆனால் கடலின் மேல் காற்றின் ஈரமும் வெப்பமும் அடுக்கு மாறி நிற்கும் நாட்களில் அலை வளைந்து அதற்கும் அப்பால் போகும். அந்த நாட்களில்தான் 'டவர் காட்டுது, கால் போவல' என்பது நடக்கும். இரண்டு முறையைச் சேர்த்து ஒருவருக்கே கொடுத்தால் 120 கி.மீ. வரை எட்ட வைக்கலாம். எட்டுப் பேருக்குப் பதில் நாலு பேர்தான் பேச முடியும். ஆஸ்திரேலியா போன்ற பரந்த நாட்டில் அதைச் செய்தார்கள்.

இப்போது கண்ணாடி இழை உள்ளே வருகிறது.

எங்கள் ஊரில் பைபர் என்றால் படகு. "பைபர் எப்ப வரும்?" என்று கேட்டால் கடலைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். யோசித்தால் இரண்டும் உறவுதான். அதுவும் கண்ணாடி நார், இதுவும் கண்ணாடி நார். இது மட்டும் முடி அளவு மெலிசு, அவ்வளவு சுத்தம். 1966-இல் சார்லஸ் காவோ, கண்ணாடியில் உள்ள அழுக்கைப் போக்கினால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று சொன்னபோது அவர் வைத்த இலக்கு, ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பது. இன்றைய இழையில் 100 கி.மீ. கடந்த பின்னும் நூறில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. அவருக்கு 2009-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தூத்துக்குடியில் இருந்து இலங்கைக்கு 2006-இல் கடலடியில் போட்ட கேபிளும் இந்த நார்தான்.

ஆனால் ஒளி, கண்ணாடிக்குள் காற்றில் போகிற வேகத்தில் போகாது. மூன்றில் இரண்டு பங்கு வேகம்தான். காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு 3.3 மைக்ரோ வினாடி என்றால் கண்ணாடியில் 4.9. ஆக, ஒரு கிலோமீட்டர் இழை என்பது டி.டி.எம்.ஏ. கணக்கில் ஒன்றரைக் கிலோமீட்டர் காற்று. இதைப் புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஃபைபர்னா வேகம் என்றே விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்லும் வேகம் எத்தனை பிட் போகும் என்பது. நான் சொல்வது முதல் பிட் எப்போது போய்ச் சேரும் என்பது. பஸ்ஸில் எத்தனை சீட் என்பதும், பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதும் வேறு வேறு இல்லையா?

ஒரு கணக்குப் போடுவோம். மூளை திசையன்விளையில் இருக்கட்டும், உவரிக் கரையில் வெறும் ஆன்டெனாவும் அதை ஊட்டும் ஃபைபர் கருவியும் மட்டும் இருக்கட்டும். செலவு மிச்சம், கரையில் உப்புக்காற்றில் வைத்துப் பராமரிக்க வேண்டியதும் குறைவு. நடுவில் இழை 10 கி.மீ. என்று வையுங்கள். ரோட்டோடு வளைந்து வரும். இணைப்புப் போடும் குழிகளில் சுருட்டி வைத்த மீதியும் சேரும். 10 கி.மீ. இழைக்கு 49 மைக்ரோ வினாடி. ஜி.எஸ்.எம். ஒருவழிக்கு அனுமதிக்கும் மொத்த நேரமே சுமார் 116. மிச்சம் 67. அதைக் காற்றுக்கு மாற்றினால் 20 கி.மீ. கடலில் 35 கி.மீ. எட்டவேண்டிய டவர் 20-ஓடு நின்றுவிடும். நம் நாட்டின் ஆட்சிக்கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது 22 கி.மீ. அதற்குள்ளேயே போன் செத்துவிடும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "புது டவர் வந்திருக்கு, சூப்பரா இருக்கு" என்பார்கள். கடலுக்குப் போனவருக்கு மட்டும் எல்லை சுருங்கியிருக்கும்.

ஆகவே முக்கியமான கேள்வி, முறை வைக்கும் கடிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். கடிகாரம் கரையிலேயே இருந்தால் இழை வெறும் ரோடு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் பேச்சு கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். கடிகாரம் பட்டணத்தில் இருந்தால் இழையும் காற்றோடு சேர்ந்து கணக்கில் வந்துவிடும்.

இதை நம் தமிழ்நாட்டிலேயே அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் டெநெட் குழுவினரும் மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய 'கார்டெக்ட்'. இளைய மாணவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், இன்று அது புழக்கத்தில் இல்லை. கிராமத்துக்குத் தாமிரக் கம்பி இழுக்கக் கட்டுப்படியாகாது, கடைசிக் கொஞ்ச தூரத்தைக் காற்றில் கடப்போம் என்பதுதான் யோசனை. ஐரோப்பாவில் வீட்டுக்குள் பேசும் கம்பியில்லாப் போனுக்கு வகுத்த டெக்ட் முறையை எடுத்து, நம் ஊர்த் தூரத்துக்கு நீட்டினார்கள். 10 அலைவரிசை, ஒவ்வொன்றிலும் 12 முறை, ஆக 120 வழி. எந்த வழியில் பேசுவது என்று மேலிருந்து யாரும் சொல்வதில்லை. கருவியே காது கொடுத்துக் கேட்டு, எந்த வழி அமைதியாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அலைவரிசைத் திட்டம் போட நிபுணர் தேவையில்லை. ஒரு பெட்டிக்கு ஆயிரம் சந்தாதாரர். நேர்ப்பார்வையில் 10 கி.மீ., நடுவில் ஒரு ரிலே நிலையம் வைத்தால் 25 கி.மீ. பட்டணத்துப் பெட்டியில் இருந்து தூரத்து நிலையங்களுக்கு ஃபைபரிலோ மைக்ரோவேவிலோ இணைப்பு. முறை பிரிக்கும் வேலை ஆன்டெனா பக்கத்திலேயே முடிந்துவிடுவதால் ஃபைபர் நீளம் அந்த 10 கி.மீ.யைக் கடிக்காது. 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் இதை வைத்துத்தான் கிராமத்து இணைய மையங்கள் தொடங்கினார்கள். ஒரே கருவியில் பேச்சும் இணையமும். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும், இணைய வேகம் 35 கிலோபிட். ஆனால் அன்று பட்டணத்திலேயே அவ்வளவுதான் கிடைத்தது.

அதே காலத்தில் சி.டி.எம்.ஏ.யும் வந்தது. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் 60,000 கி.மீ. ஃபைபர் போட்டு அதன்மேல் சி.டி.எம்.ஏ. சேவையைத் தொடங்கியது. மறுவருஷம் 501 ரூபாய்க்கு செட் கொடுத்தது. ஒரே மழைக்காலத்தில் போன் கையில் வந்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். பி.எஸ்.என்.எல்.லும் டபிள்யூ.எல்.எல். என்று மேசைப்போன் கொடுத்தது, மொட்டை மாடியில் ஆன்டெனா. சி.டி.எம்.ஏ.யில் முறை கிடையாது, ஆகவே 63 படியும் கிடையாது; தூரம் அங்கே வேறுவிதமாகக் கடிக்கும். பெரிதாகப் பேச நேரமில்லை. 2010-களின் பிற்பகுதியில் நம் நாட்டில் அந்தச் சேவைகள் ஓய்ந்துவிட்டன.

இப்போது 4ஜி. இதில் எல்லா முறையும் கலந்து கிடக்கிறது. அலைவரிசையை 15 கிலோஹெர்ட்ஸ் கீற்றுகளாகக் கிழித்து, நேரத்தையும் துண்டாக்கி, இந்தக் கீற்று இந்த நொடியில் இவருக்கு என்று கட்டம் கட்டமாகப் பங்கு போடுகிறார்கள். முதல் கூப்பாடு மட்டும் பழைய அலோஹாதான். அதிலும் 64 வகைக் கூப்பாடு. அந்த 64-ஐயும் சி.டி.எம்.ஏ. மாதிரி குறியால் பிரித்தறிகிறார்கள். தாளம் தவறாமல் இருக்க ஒவ்வொரு துண்டின் முன்னாலும் 4.7 மைக்ரோ வினாடி இடைவெளி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். ஒரே சிக்னலை இரண்டு ஆன்டெனாக்களுக்கு ஃபைபரில் அனுப்புகிறோம், ஒன்று துறைமுகத்தில், ஒன்று கோயில் பக்கம். ஒன்றின் இழை மற்றதைவிட ஒரு கிலோமீட்டர் நீளம். வித்தியாசம் 4.9. போச்சு, இடைவெளியைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் போனில் ஒன்றை ஒன்று கெடுக்கும். வேண்டுமென்றே குட்டை இழையைத் தாமதப்படுத்திச் சரிசெய்வார்கள். வேகமாக வருகிறவனை வாசலில் நிறுத்தி வைப்பது மாதிரி.

டவர் அடியில் இருக்கும் பெட்டியில் இருந்து உச்சியில் இருக்கும் ரேடியோப் பெட்டிக்கு இன்று போவதும் கருப்பு உறை போட்ட ஃபைபர்தான். அந்தப் பெட்டியை 20 கி.மீ. தள்ளி வைத்து, பல ஊர் மூளைகளை ஒரே அறையில் அடுக்கலாம் என்று ஒரு முறை வந்தது. இதில் ஒரு வேடிக்கை. சந்தாதாரருக்கு அதிகபட்சம் 150 மெகாபிட் கொடுக்கும் ஒரு டவருக்கு, அந்த இழையில் ஏறத்தாழ 2,500 மெகாபிட் ஓடவேண்டும். அலையின் வடிவத்தையே எண்ணாக்கி அனுப்புவதால் 16 மடங்கு. தேங்காய் வாங்கப் போய்த் தென்னையை வேரோடு கொண்டு வருவது போல. அதனால்தான் 5ஜி-யில் பாதி வேலையை உச்சியிலேயே முடித்து மீதியை மட்டும் கீழே அனுப்பும்படி பிரித்துவிட்டார்கள். கடிகாரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்ற அதே பழைய கேள்விதான், வேறு உடுப்பில்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

4ஜி முறைப்படி ஒரு டவர் 100 கி.மீ. வரை ஒரு போனைச் சேர்த்துக்கொள்ளலாம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் முதல் கூப்பாட்டுக்கு எவ்வளவு நீளமான நேரம் ஒதுக்குவது என்பதற்குச் சில வகைகள் உண்டு. வழக்கமாகப் போடும் வகையில் 14 கி.மீ. சுற்றளவுக்குள் இருப்பவரின் கூப்பாடுதான் ஒழுங்காகக் கேட்கும். அடுத்த வகை போட்டால் 77 கி.மீ. வரை இடம் உண்டு. அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஊருக்குள் இருப்பவர்களுக்கான வேகம் இம்மி குறையும். புது டவர் வேண்டாம், புது ஃபைபர் வேண்டாம், ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் டவர் திட்டமிடும் மென்பொருளில் நிலத்தை வகை பிரித்து வைத்திருந்தார்கள். வயல், பனங்காடு, குடியிருப்பு, நீர். குடியிருப்புக்கு ஆள் கணக்கு உண்டு. நீருக்கு ஆள் கணக்கு பூஜ்யம். குளமும் நீர், தாமிரபரணியும் நீர், கடலும் நீர். நம் கடலோர ஊர்களின் டவரைத் திரையில் பார்த்தால் பாதி வட்டம் நீலம், அங்கே யாரும் இல்லை. ஆகவே வழக்கமான 14 கி.மீ. போதும் என்று கணினி சொல்லும். நான் கேட்டபோது மேலதிகாரி ஒருவர், "கடல்ல யாருப்பா சந்தா கட்டுறா?" என்றார். சந்தாவை உவரியில் கட்டிவிட்டுத்தான் சார் கடலுக்குப் போகிறார்கள் என்றேன். சிரித்தார். மாற்றுவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதமும் கடிதம் எழுதியதுதான் வேலை. மாற்றும் வேலை பத்து நிமிஷம். இருபது பாகத்தில் டவர் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா, இப்போது அதற்கும் வெளியே இருந்து வலை விட்டபடியே கூப்பிட்டு, வியாபாரியிடம் விலை கேட்கிறார்.

இதைப் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் போனார்கள். அவர்களில் ஆழ்கடலுக்குப் பல நாள் தங்கலுக்குப் போனவர்களுக்குக் கரையில் உள்ள எந்த டவரும் எட்டியிருக்காது. அது செயற்கைக்கோள் பேசவேண்டிய தூரம். இஸ்ரோ உருவாக்கிய கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருக்கிறது. நல்லது. நான் பேசுவது காலையில் போய் மதியம் திரும்பும் வள்ளங்களைப் பற்றி. அவை நிற்பது டவர் எட்டும் தூரத்துக்கும் எட்டாத தூரத்துக்கும் நடுவில். அந்த நடுக்கோடு எங்கே விழவேண்டும் என்பதைக் கடல் முடிவு செய்யவில்லை, நம்மைப் போன்ற ஒருவர் ஏ.சி. அறையில் இருந்து முடிவு செய்கிறார்.

இன்னொரு வழியும் உண்டு. எச்சரிக்கையைக் கேட்க மட்டும் என்றால் முறையே தேவையில்லை. உவரியில் இருந்து கொஞ்ச தூரத்தில் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது, 1990-இல் தொடங்கியது. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். அது பேசும், கப்பல்கள் கேட்கும். பதில் பேச்சு இல்லை, ஆகவே மோதலும் இல்லை. 2023-இல் உங்கள் போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறி ஒரு சோதனைச் செய்தி வந்ததே, அந்த ஒலிபரப்பு முறையும் இதே இனம். டவரைக் கேட்கும் தூரத்தில் போன் நின்றால் போதும், 63 படி, 14 கி.மீ. எதுவும் குறுக்கே வராது. பேசத்தான் பங்கு வேண்டும், கேட்க வேண்டாம். கடலோர டவர்களின் சக்தியையும் ஆன்டெனாவின் சாய்வையும் இதை நினைத்து வைத்தால் இன்னும் தூரம் எட்டும். இப்போது பெரும்பாலும் ஆன்டெனாவை ஊரைப் பார்த்துத்தான் குனிய வைக்கிறார்கள்.

கடைசியாக, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். புராஜெக்டைச் சென்னையில் போய் விலைக்கு வாங்காதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் நான் சொன்ன அந்தப் படி எண்ணைக் காட்டும் இலவச ஆப் ஓடும். 2ஜி-யில் ஒரு படி 550 மீட்டர், 4ஜி-யில் 78 மீட்டர். இருப்பிடத்தையும் படி எண்ணையும் சேர்த்துப் பதிவுசெய்து கொண்டே கூடங்குளத்தில் இருந்து மணப்பாடு வரை கரையோரமாகவும், கரையில் இருந்து வெளியே நேராகவும் போய் வாருங்கள். எந்த டவர் எத்தனை கிலோமீட்டரில் கைவிடுகிறது, படி எண்ணுக்கும் நேர்த்தூரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு வரைபடம் போடுங்கள். வித்தியாசம் அதிகமாக வந்தால் நடுவில் கணக்கில் வராத ஃபைபர் ஒளிந்திருக்கலாம், கண்டுபிடியுங்கள். அந்த வரைபடம் கையில் இருந்தால் ஏழு மாதக் கடிதம் ஒரு மாதத்தில் முடியும். வள்ளத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். டீசல் காசை மட்டும் சங்கம் தருவதாகத் தலைவர் இப்போதுதான் தலையாட்டினார், எல்லாரும் பார்த்தீர்கள்.

ஆனி ஆடியில் வராதீர்கள், காற்று வாரி அடிக்கும். தை மாசியில் வாருங்கள். விடியுமுன் கிளம்பணும், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், ஆளுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் பையில் இருக்கட்டும்.